அத்தியாயம் 7: கணக்குத் துறையிலிருந்து திட்ட மேலாண்மைக்கு

உலக வங்கி தன் கணக்குப் பணிகளுக்காகச் சென்னையில் அலுவலகம் திறந்தது 2001இல். அதையொட்டிய ஆண்டுகளில் பன்னாட்டு வங்கிகளும் உற்பத்தி நிறுவனங்களும் தங்கள் நிதிப் பிரிவுகளை ஒவ்வொன்றாக இங்கே கொண்டுவந்தன. இன்று தரமணியிலும் கிண்டியிலும் பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் வெண்டார் பட்டுவாடா, வங்கி ரெகன்சிலியேஷன், மாதக் கணக்கு முடிப்பு, பட்ஜெட் அறிக்கை என்று ஆயிரக்கணக்கானோர் வேலை பார்க்கிறார்கள். பி.காம்., சி.எம்.ஏ., சி.ஏ. இன்டர், எம்.பி.ஏ. என்று படித்து வந்தவர்கள். எட்டு, பத்து ஆண்டுகள் ஓடிய பிறகு அவர்களில் பலருக்கு ஒரு கேள்வி வருகிறது: ஓய்வு பெறும்வரை இதே மன்த் எண்டைத்தான் செய்துகொண்டிருக்கப் போகிறோமா? பக்கத்து மேசையில் ஒருவர் திட்ட மேலாளராகி ஊர் ஊராகப் போய் வருவதைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

இந்த அத்தியாயம் அவர்களுக்காக. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிதித் துறையிலிருந்து வருபவர் திட்ட மேலாண்மையின் பாதியைத் தெரிந்துகொண்டேதான் வருகிறார். மறுபாதிதான் கடினம். நடந்து முடிந்ததைப் பிசகில்லாமல் சொல்வது கணக்காளரின் தொழில். இன்னும் நடக்காத ஒன்றுக்கு இன்றே பொறுப்பேற்பது திட்ட மேலாளரின் தொழில். இந்த மாற்றம் மனதில் நிகழாவிட்டால் எந்தச் சான்றிதழும் உதவாது. நிகழ்ந்துவிட்டால், சான்றிதழ் இல்லாமலேகூட முதல் வாய்ப்பு கிடைத்துவிடும்.

நீங்கள் ஏற்கனவே நடத்திய திட்டங்கள்

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கணக்குத் துறையில் இருந்திருந்தால், அதற்கு முந்தைய மாதங்களில் பொருட்களுக்கு எச்.எஸ்.என். குறியீடு ஏற்றியது, வெண்டார்களிடம் ஜி.எஸ்.டி. எண் கேட்டு அலைந்தது, பழைய வாட் வரவையும் எக்சைஸ் வரவையும் புதிய முறைக்கு மாற்றியது, பில் படிவத்தைத் திருத்தச் சொல்லி மென்பொருள்காரரிடம் மன்றாடியது எல்லாம் நினைவுக்கு வரும். அது ஒரு திட்டம். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயமானது. வரம்பு படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவு தேதியோடு போராடியது. அதுவும் திட்டம்தான். 2019 ஏப்ரலில் குத்தகைகளுக்கான இண்ட் ஏ.எஸ். 116 வந்தபோது வாடகை ஒப்பந்தங்களைத் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றையும் படித்து, கணக்கில் ஏற்றியவர்களும் திட்டத்தில்தான் வேலை செய்தார்கள்.

இவற்றுக்கெல்லாம் பொதுவாக இருந்தவை: தள்ளிப்போட முடியாத ஒரு தேதி, பல துறை ஆட்கள், வெளியிலிருந்து ஒரு சப்ளையர், சோதனை, பயிற்சி, பிறகு ஒரு முடிவு. முடிவு என்பது முக்கியம். மாதக் கணக்கு முடிப்பு எவ்வளவு கடினமானாலும் திட்டம் ஆகாது; அடுத்த மாதமும் அது வரும். திட்ட மேலாண்மை உலகம் அதை நடைமுறைப் பணி என்று தனியாக வைக்கிறது. ஆனால் பத்து நாள் எடுத்த மாத முடிப்பை ஐந்து நாளாகக் குறைக்க ஆறு மாதம் உழைத்தீர்களென்றால், அந்த ஆறு மாத உழைப்பு திட்டம். இந்த வேறுபாட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ரெசியூமேயிலும் சான்றிதழ் விண்ணப்பத்திலும் நிதிக்காரர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நீங்கள் பங்கேற்ற இத்தகைய வேலைகளை எழுதுங்கள். எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, யார் யார் இருந்தார்கள், நீங்கள் எடுத்த முடிவு என்ன, எது கோணலாகப் போனது. கடைசி இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுத நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் புதிய தொழிலின் மூலதனம் அந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

எதிரெதிரான இரண்டு விதிகள்

கணக்கின் விதியும் திட்டத்தின் விதியும் எப்படி எதிரெதிராக நிற்கின்றன என்பது ஒதுக்கீடுகள் பற்றிய இண்ட் ஏ.எஸ். 37 தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும். கடந்தகால நிகழ்வு ஒன்றால் இன்று ஒரு கடப்பாடு உருவாகியிருக்க வேண்டும். பணம் வெளியே போகும் வாய்ப்பு அதிகமாக இருக்க வேண்டும். தொகையை நம்பகமாக மதிப்பிட முடிய வேண்டும். அப்போதுதான் கணக்கில் ஒதுக்கீடு வைக்கலாம். எதிர்காலத்தில் வரக்கூடிய நடைமுறை நட்டத்துக்கு ஒதுக்கீடு வைக்கவே கூடாது. வைத்தால் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

திட்டத்தில் நிலைமை தலைகீழ். இன்னும் நடக்காத, நடக்கலாம் என்று மட்டுமே தோன்றுகிற விஷயங்களுக்குப் பணமும் நாளும் ஒதுக்கி வைக்காதவர் பொறுப்பற்றவர். பழைய தரவு நினைத்ததைவிட மோசமாக இருக்கலாம். சப்ளையரின் முக்கிய ஆள் நடுவில் வேலையை விட்டுப் போகலாம். மழையில் சரக்கு லாரி நிற்கலாம். இவற்றைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு, வந்தால் எவ்வளவு செலவு என்று எழுதி, அதற்கேற்ப ஒரு தொகையைத் தனியாக வைக்க வேண்டும். நிதித் துறையிலிருந்து வருபவர்கள் இந்தத் தொகையைக் கொழுப்பு என்று நினைத்து முதல் வேலையாக வெட்டிவிடுவார்கள். பட்ஜெட் கூட்டங்களில் வெட்டி வெட்டிப் பழகிய கை அது. அந்தப் பழக்கத்தை விட வேண்டும்.

மதிப்பீட்டிலும் இதே கதைதான். கணக்கில் ஒரு கேள்விக்கு ஒரே எண்தான் விடை. திட்டத்தில் ஒரே எண்ணைச் சொல்பவர் பெரும்பாலும் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். 1958இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் முறை, ஒரு வேலைக்கு மூன்று மதிப்பீடு கேட்கச் சொல்கிறது. வெண்டார் பட்டியலைச் சுத்தம் செய்ய எல்லாம் சரியாக நடந்தால் 10 நாள், வழக்கமாக 15 நாள், எல்லாம் கெட்டால் 32 நாள் என்று வைத்துக்கொள்வோம். நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 17 நாள். வழக்கமான 15ஐவிட இரண்டு நாள் அதிகம். ஆனால் அந்த 17ஐக் காட்டிலும் 32 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பதுதான் பயனுள்ளது. வேலை செய்பவரிடம் கேட்டுப் பாருங்கள், மறைந்து கிடக்கும் ஆபத்துகளை எல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

செலவு குறைவு, நிலைமை மோசம்

நிதிக்காரர் திட்டக் குழுவில் தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. எர்ன்டு வேல்யூ என்று சொல்லப்படும் ஈட்டிய மதிப்பு முறை. 1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு இதன் அடிப்படையில் கட்டுப்பாட்டு விதிகளை வகுத்தது. பல திட்ட மேலாளர்கள் தேர்வுக்காகச் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். காஸ்ட் அக்கவுன்டிங் படித்த உங்களுக்கு இது பழகிய விஷயம்.

ஒரு நிறுவனம் 12 கிளைகளில் புதிய பில்லிங் மென்பொருளை நிறுவுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைக்கு 5 லட்சம், மொத்தம் 60 லட்சம், ஆறு மாதம், மாதத்துக்கு இரண்டு கிளை. மூன்று மாதம் முடிந்தபோது ஆறு கிளைகள் முடிந்திருக்க வேண்டும், நான்குதான் முடிந்தன. செலவான தொகை 28 லட்சம்.

வழக்கமான பட்ஜெட் அறிக்கை என்ன சொல்லும்? மூன்று மாத பட்ஜெட் 30 லட்சம், செலவு 28 லட்சம், 2 லட்சம் மிச்சம், சாதகமான வேறுபாடு. பச்சை நிறத்தில் காட்டி மேலே அனுப்பிவிடுவார்கள்.

இப்போது ஈட்டிய மதிப்பைப் பாருங்கள். முடிந்த நான்கு கிளைகளுக்குத் திட்டமிட்ட செலவு 20 லட்சம். ஸ்டாண்டர்டு காஸ்டிங்கில் உண்மையான உற்பத்தியைத் தர விலையால் பெருக்குவோமே, அதேதான். 28 லட்சம் செலவழித்து 20 லட்சத்துக்கான வேலைதான் வாங்கியிருக்கிறோம். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஏறத்தாழ 71 காசு வேலை. இதே வேகம் தொடர்ந்தால் மொத்தச் செலவு எவ்வளவு? 60ஐ 28ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 84 லட்சம். மிச்சம் என்று நினைத்த இடத்தில் 24 லட்சம் பள்ளம்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. அதில் மாட்டிக்கொள்வதும் கணக்காளர்தான். கட்டுமான ஒப்பந்தங்களில் வருவாயைப் பதிவு செய்யும்போது, ஆன செலவை மொத்த மதிப்பீட்டுச் செலவால் வகுத்து எத்தனை சதவீதம் முடிந்தது என்று சொல்லும் பழக்கம் நமக்கு உண்டு. மேலே சொன்ன உதாரணத்தில் மதிப்பீட்டைத் திருத்தாமல் அப்படி வகுத்தால் 47 சதவீதம் முடிந்ததாக வரும். களத்தில் முடிந்ததோ 33 சதவீதம். செலவு ஆனதற்கும் வேலை ஆனதற்கும் சம்பந்தமில்லாமல் போகலாம். எனவே எத்தனை முடிந்தது என்ற கேள்விக்கு லெட்ஜரிலிருந்து பதில் எடுக்காதீர்கள். கிளைக்குப் போய், அங்கே பில் போடும் பையன் புதிய திரையில் பில் போடுகிறானா என்று பாருங்கள்.

ஆணையிட முடியாத ஆட்கள்

கணக்குத் துறைக்கு ஓர் அதிகாரம் உண்டு. பில் சரியில்லை என்றால் பணத்தை நிறுத்தலாம். அந்த அதிகாரத்தோடு பல ஆண்டு பழகியவர்களுக்குத் திட்ட மேலாளர் நாற்காலி அதிர்ச்சி தரும். உங்கள் திட்டத்தில் வேலை செய்யும் எவரும் உங்களுக்குக் கீழே இல்லை. அவர்களுடைய இன்க்ரிமென்ட் வேறொருவர் கையில் இருக்கிறது. உங்கள் வேலை அவர்களுக்கு நான்காவது, ஐந்தாவது முக்கியம்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கிடங்கு. புதிய கணினி முறைக்கு மாறுவதற்கு முன் சரக்கு முழுவதையும் எண்ண வேண்டும். நிதியிலிருந்து வந்த திட்ட மேலாளர் கிடங்கு மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: 29, 30 தேதிகளில் முழு எண்ணிக்கை நடக்க வேண்டும், பொறுப்பு உங்களுடையது. பதில் வராது. நினைவூட்டல் அனுப்பினால் அவருடைய மேலதிகாரிக்கும் நகல் போகும், உறவு கெடும்.

நேரில் போய்க் கேட்டிருந்தால் பேச்சு இப்படிப் போயிருக்கும்.

"சார், எண்ணுறதுக்கு உங்க பக்கம் என்ன கஷ்டம் வரும்?"

"மேடம், மாசக் கடைசி மூணு நாள்லதான் பாதி லோடு ஏறுது. அப்போ கேட்டை மூடினா சேல்ஸ்காரங்க என்னை விடமாட்டாங்க. பத்தாம் தேதிக்கு மேல கேளுங்க, எவ்வளவு ஆள் வேணும்னாலும் தர்றேன்."

"அப்போ விலை கூடின ஐட்டத்தை மட்டும் கடைசி ராத்திரி எண்ணிக்கலாமா? மத்ததைப் பன்னிரண்டாம் தேதி எண்ணிட்டு, அதுக்கப்புறம் உள்ளே வந்தது, வெளியே போனதைக் கூட்டிக் கழிச்சுக்குறோம்."

"அது முடியும்."

நீங்கள் ஏற்கனவே ஆடிட்டில் கற்ற முறைதான் இது. விலை உயர்ந்த சரக்கு தனி, மற்றது தனி. நடுவில் எண்ணிவிட்டு நகர்வுகளைச் சேர்ப்பது. அறிவு உங்களிடம் இருந்தது. கேட்கும் முறைதான் புதிது. பதில் தெரிந்த கேள்வியைக்கூட அவரிடம் கேளுங்கள். அவருடைய வாயிலிருந்து வரும் தேதியை அவர் காப்பாற்றுவார். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் திறமை இதுதான். எக்செலில் எவ்வளவு வல்லவராக இருந்தாலும் இது கைகூடாமல் தோற்றவர்கள் உண்டு.

கட்-ஓவர்: கணக்குப் பிரிவின் சொந்த மண்

இந்தியப் பெருநிறுவனங்கள் பலவற்றில் இப்போது நடக்கும் பெரிய மாற்றம் எஸ்.ஏ.பி. மென்பொருளின் பழைய பதிப்பிலிருந்து எஸ்/4 ஹானாவுக்கு மாறுவது. பழைய ஈ.சி.சி. 6இன் பிந்தைய பதிப்புகளுக்கான வழக்கமான பராமரிப்பும் 2027 முடிவோடு நிற்கிறது. இத்தகைய திட்டங்களில் தொழில்நுட்பம் தெரிந்த மேலாளர் நிச்சயம் இருப்பார். ஆனால் பழையதை நிறுத்திப் புதியதைத் தொடங்கும் அந்தச் சில நாட்கள், கட்-ஓவர் என்று சொல்வார்களே, அங்கே அவர் தடுமாறும் கேள்விகளுக்கு உங்களிடம் விடை இருக்கும்.

தேதியை எடுத்துக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். கட்ட 7ஆம் தேதி. மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 11ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-3பி 20ஆம் தேதி. சம்பள நாள் இன்னொரு பக்கம். கணினி நான்கு நாள் மூடியிருந்தால் எந்தக் கெடு தவறும் என்று தொழில்நுட்ப மேலாளரின் அட்டவணை சொல்லாது. நீங்கள் சொல்லுவீர்கள். ஏப்ரல் 1 அன்று தொடங்க வேண்டும் என்று தலைமை ஆசைப்படும்; புதிய நிதியாண்டு, சுத்தமான தொடக்கம் என்பது அவர்கள் வாதம். என் தீர்ப்பு வேறு. ஏப்ரலில் ஆடிட் நடந்துகொண்டிருக்கும், மார்ச் மாத நிலுவைகள் பல வாரம் மாறிக்கொண்டே இருக்கும், கணக்குப் பிரிவில் எல்லோரும் களைத்திருப்பார்கள். ஜூலை 1 அல்லது அக்டோபர் 1 எடுத்துக்கொண்டு, முடிந்த மாதங்களின் வரவு செலவை மாதவாரியாக ஏற்றுவது கூடுதல் வேலைதான்; ஆனால் அந்த வேலைக்கு அளவு உண்டு, ஆண்டு முடிவுக் குழப்பத்துக்கு அளவில்லை.

அடுத்தது தரவு. ஒரே வெண்டார் மூன்று பெயரில் இருப்பார்: "அன்ட் கோ" சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று, எழுத்துப் பிழையோடு ஒன்று. 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணுக்குள்ளேயே பான் எண் இருக்கிறது. அதை வைத்து இரட்டைப் பதிவுகளைப் பிடிக்கலாம் என்பது கணக்குக்காரருக்குத் தெரியும். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்த வெண்டாருக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். வெண்டார் பதிவில் குறு, சிறு நிறுவனம் என்று காட்டும் குறியீடு புதிய முறைக்கு மாறாமல் விடுபட்டால் வட்டியும் வரிச் சிக்கலும் சேர்ந்து வரும். சரக்கு வந்து பில் வராத கணக்கு, அட்வான்ஸ் கொடுத்து நேர் செய்யாத கணக்கு, பல ஆண்டு தேங்கிய சில்லறை நிலுவைகள் என்று பழைய குப்பைகளைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று முடிவெடுக்க வேண்டியவரும் நீங்கள்தான். இதைக் கடைசி மாதத்தில் தொடங்கினால் முடியாது. திட்டம் ஆரம்பித்த முதல் மாதத்திலேயே தொடங்குங்கள்.

பிறகு ஒத்திகை. குறைந்தது இரண்டு முறை முழுதாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஒத்திகை முடிந்ததும் டிரையல் பேலன்ஸ் இரு பக்கமும் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் நிறுவனம் காட்டும். அதில் மயங்காதீர்கள். ஒரு வெண்டாரின் 5 லட்சம் இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தாலும் மொத்தம் ஒத்துப்போகும். வெண்டார் வாரியாக, வாடிக்கையாளர் வாரியாக, சொத்து வாரியாகச் சரிபார்த்த தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

எங்கே நுழைவது

வேலையை விட்டுவிட்டு வெளியே திட்ட மேலாளர் வேலை தேடுவது தவறான வரிசை. புதிய நிறுவனம், புதிய தொழில் இரண்டையும் ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கும். உங்களை நம்பிப் பொறுப்புத் தர அங்கே யாருக்கும் காரணம் இருக்காது. இப்போதிருக்கும் நிறுவனத்தில் உங்கள் பெயருக்கு மதிப்பு இருக்கிறது. அதைச் செலவழித்து முதல் திட்டத்தை வாங்குங்கள். நிதிப் பிரிவைத் தொடும் மாற்றத் திட்டம் எது வந்தாலும் நிதித் தரப்புப் பொறுப்பாளராகப் போகிறேன் என்று கேளுங்கள். சம்பளம் உடனே கூடாது. ஓரிரு ஆண்டுகளுக்குப் பழைய வேலையில் கொஞ்சமும் புதிய வேலையில் முழுதுமாக இழுபட வேண்டியிருக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

திட்ட அலுவலகம் எனப்படும் பி.எம்.ஓ. இன்னொரு வாசல். பத்து, இருபது திட்டங்களின் செலவும் முன்னேற்றமும் ஒரே இடத்துக்கு வரும்; அறிக்கை தயாரிக்கும் வேலை உங்களுக்குக் கைவந்தது. ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். அறிக்கை எழுதுபவராக நீண்ட காலம் இருந்தவரைத் திட்டம் நடத்துபவராக யாரும் பார்ப்பதில்லை.

கட்டுமானத் துறையைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. எனக்கு அது வருத்தம். எல் அண்ட் டி கட்டுமானப் பிரிவின் தலைமையகம் மணப்பாக்கத்தில் இருக்கிறது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய்; ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி, புதிய வளர்ச்சி வங்கி ஆகியவை கடன் தருகின்றன. இத்தகைய வேலைகளில் காஸ்ட் கன்ட்ரோல் என்ற தனிப் பதவி உண்டு. ஒப்பந்ததாரரின் ரன்னிங் பில்லை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவது, பிடித்தம் வைப்பது, விலையேற்றப் பிரிவின்படி கூடுதல் தொகையைக் கணக்கிடுவது, தாமத அபராதம் யார் தலையில் விழும் என்று ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் அதில் வரும். வெயிலில் சைட்டுக்குப் போகத் தயாராக இருப்பவருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சிக்களம் கிடையாது. பொறியாளர்கள் மதிக்கும் நிதிக்காரர் அங்கேதான் உருவாகிறார்.

சான்றிதழ்கள்

திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழுக்கு வேலைச் சந்தையில் மதிப்பு இருக்கிறது. அதை வழங்கும் பி.எம்.ஐ. 1969இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. பட்டதாரிகளுக்குத் திட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் வேண்டும். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தணிக்கை செய்வார்கள். உங்கள் மேலதிகாரிகள் உறுதிப்படுத்த வேண்டிவரும். எனவே மாதக் கணக்கு முடிப்பைத் திட்டமாக எழுதி அனுப்பாதீர்கள். 2021 ஜனவரியில் மாற்றியமைத்த தேர்வில் கேள்விகளில் 42 சதவீதம் மனிதர்களை வழிநடத்துவது பற்றியவையாக இருந்தன. கணக்குச் சூத்திரங்கள் மட்டும் போதும் என்று போன நிதிக்காரர்கள் அங்கே திணறினார்கள். தேர்வின் அமைப்பை அவ்வப்போது மாற்றுவார்கள். பழைய கைடு வாங்கிவிடாமல், பி.எம்.ஐ. வெளியிடும் இப்போதைய பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.

அனுபவம் இன்னும் சேராதவர்களுக்கு அதே அமைப்பின் சி.ஏ.பி.எம். இருக்கிறது. அதற்கு 23 மணிநேரப் பயிற்சி போதும். பிரிட்டிஷ் நிறுவனங்களோடு வேலை செய்பவர்கள் பிரின்ஸ்2 என்ற சான்றிதழைப் பற்றி விசாரிக்கலாம். மென்பொருள் குழுக்களோடு வேலை என்றால், அவர்கள் பின்பற்றும் ஸ்க்ரம் என்ற வேலைமுறைக்கான வழிகாட்டியின் 2020 பதிப்பைப் படித்துவிடுங்கள். சில பக்கங்கள்தான், இலவசம். எதைப் படித்தாலும் முதல் திட்டத்தில் இறங்கிய பிறகு படியுங்கள். திட்டத்தின் நடுவில் நிற்கும்போது படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் ஆட்களின் முகம் தெரியும். அதற்கு முன் படித்தால் வெறும் சொற்கள்.

ரெசியூமேயும் நேர்காணலும்

நிதிக்காரர்களின் ரெசியூமே பொறுப்புகளின் பட்டியலாக இருக்கும். "மாதாந்திரக் கணக்கு முடிப்பு, ஜி.எஸ்.டி. தாக்கல், வெண்டார் ரெகன்சிலியேஷன் ஆகியவற்றைக் கையாண்டேன்." இதைப் படிப்பவருக்கு நீங்கள் நல்ல கணக்காளர் என்று தெரியும், அவ்வளவுதான். அதே ஆளின் அனுபவத்தை இப்படியும் எழுதலாம்: "நான்கு கிளைகளின் வெண்டார் பட்டியலை ஒன்றாக்கும் பணியை ஐந்து மாதம் நடத்தினேன். கொள்முதல், ஐ.டி., நிதி ஆகிய மூன்று துறைகளிலிருந்து ஒன்பது பேர். 6,200 பதிவுகள் 4,100 ஆயின. குறித்த தேதிக்கு இரண்டு வாரம் தாமதம். காரணம் ஒரு கிளையின் தரவு, அதை முன்கூட்டியே தலைமைக்குத் தெரிவித்துப் புதிய தேதி பெற்றேன்." தாமதத்தை எழுதத் தயங்க வேண்டாம். தாமதமே ஆகாத திட்டங்களை மட்டும் நடத்தியதாகச் சொல்பவரை அனுபவசாலிகள் நம்ப மாட்டார்கள்.

நேர்காணலில் நிதிக்காரர்களிடம் ஒரு பழக்கத்தைக் காண்கிறேன். எல்லாம் தானாக நடந்ததுபோல, யார் முடிவெடுத்தார் என்றே தெரியாதபடி பேசுகிறார்கள். அடக்கம்தான் காரணம், ஆனால் அது உதவாது. நான் இதைத் தேர்ந்தெடுத்தேன், இன்னாரோடு கருத்து வேறுபாடு வந்தது, இப்படித் தீர்த்தோம் என்று சொல்லுங்கள். ஏன் நிதியை விட்டு வருகிறீர்கள் என்று நிச்சயம் கேட்பார்கள். எண்கள் சலித்துவிட்டன என்று சொல்லாதீர்கள். உண்மையிலேயே எண்கள் சலித்துப்போயிருந்தால் திட்ட மேலாண்மையும் சலிக்கும்; அங்கேயும் எண்கள்தான், அவை இன்னும் அழுக்காக இருக்கும்.

எல்லோரும் வர வேண்டிய தொழிலும் இல்லை இது. வரிச் சட்டத்திலோ மதிப்பீட்டிலோ ஆழமாகப் போய் ஒரு விஷயத்தைத் தீர்க்கும்போது மனம் நிறைகிறதென்றால் அங்கேயே இருங்கள். அந்த ஆழம் அரிது. நாளெல்லாம் பத்துப் பேரிடம் பேசி, ஒன்பது பேர் சொன்ன தேதி தவறி, மறுநாளும் அதே பொறுமையோடு பேச முடிகிறவர்களுக்குத்தான் இந்தப் பாதை.

அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால், இந்த மாதக் கணக்கு முடிந்த கையோடு உங்கள் ஃபைனான்ஸ் கன்ட்ரோலரிடம் அரை மணிநேரம் கேளுங்கள். அடுத்த ஓராண்டில் நம் பிரிவைத் தொடும் மாற்றங்கள் என்னென்ன, அவற்றில் எதற்கு இன்னும் நிதித் தரப்பில் பொறுப்பாளர் இல்லை என்று விசாரியுங்கள். அதில் சிறியதாக ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். முடிவு தேதி உள்ளதாக, குறைந்தது இரண்டு துறை சம்பந்தப்பட்டதாக அது இருக்கட்டும்.